555 புத்தகத்தில் போக்கர்

மலேசியாவின் கெந்திங் மலை சூதாட்ட விடுதிக்குப் போய்வரும் நண்பர்கள் ஜெயித்த கதையை மட்டுமே சொல்கிறார்கள். தோற்ற இரவுகள் அங்கேயே பனிமூட்டத்தில் கரைந்துவிடும் போலிருக்கிறது! நான் மளிகைக் கடன் எழுதும் அந்தச் சின்ன 555 புத்தகத்தில்தான் போக்கர் கணக்கு எழுதுகிறேன்: தேதி, உட்கார்ந்த நேரம், பிளைண்ட் (சீட்டுப் போடும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்) அளவு, கொண்டுபோன ரிங்கிட், எழுந்தபோது மிஞ்சியது. நடுவில் மறுபடி சில்லு வாங்கினால் அதுவும் ஏறும். பலர் மறைப்பது அந்த வரியைத்தான். பஸ் டிக்கெட்டும் செலவுதான். லாபத்தை மணிக்கு எத்தனை பிக் பிளைண்ட் (அந்த இரு பந்தயங்களில் பெரியது) என்று வகுத்தால்தான் சின்ன மேசையையும் பெரிய மேசையையும் ஒப்பிட முடியும். நூறு மணி நேரக் கணக்கை வைத்து மார்தட்டாதீர்கள், அவ்வளவு குறைந்த ஆட்டத்தில் சீட்டின் தயவுதான் தூக்கலாகத் தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் ஒருவர் இதைப் படித்தால், “கணக்குப் பார்த்தால் சுகம் போய்விடும், தம்பி” என்பார். அவர் எவ்வளவு விட்டிருப்பார் என்று அவர் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.