எம்-புக்கில் எழுதுகிற கை

பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தவர் கைக்கு முதலில் வந்து சேர்வது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். பக்கங்களுக்கு வரிசை எண் இருக்கும். தாளைக் கிழிக்கக் கூடாது. அழித்து எழுதக் கூடாது. தப்பாக எழுதிவிட்டால் குறுக்கே கோடு போட்டு, சரியான அளவை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஆவணம் அது. ஒப்பந்ததாரருக்குப் போய்ச் சேரும் பணம் எத்தனை லட்சமானாலும், ஒரு உதவிப் பொறியாளர் நீளம், அகலம், ஆழம் என்று இதில் எழுதிய வரியிலிருந்துதான் புறப்படுகிறது.

அந்த வரிக்கு மேலே சரிபார்ப்புகளுக்குக் குறைவில்லை. உதவி செயற்பொறியாளர் (ஏ.இ.இ.) செக் மெஷர்மென்ட் பார்ப்பார், அதாவது எழுதிய அளவுகளில் சிலவற்றை மறுபடி அளந்து பார்ப்பார். கோட்டக் கணக்கர் கூட்டிப் பெருக்கிப் பார்ப்பார். செயற்பொறியாளர் பில்லில் கையெழுத்துப் போடுவார். பின்னால் தணிக்கையும் வரும். ஆனால் கணக்கர் பார்ப்பது, 30 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 0.60 மீட்டர் ஆழம் என்றால் 72 கன மீட்டர் சரியாக வருகிறதா என்பதைத்தான். அந்த 0.60 நிஜமாகவே தோண்டப்பட்டதா என்பதை மேசையில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. அது தெரிந்தவர் அன்று டேப்பைப் பிடித்தவர் ஒருவர்தான். அரசு ஊழியரின் நேர்மை என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த 0.60தான் நினைவுக்கு வரும். அரசுக்குத் தனியாகக் கண் கிடையாது. நாம் பார்த்து எழுதியதைத்தான் அது பார்த்ததாக எடுத்துக்கொள்கிறது.

ஏரி வேலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தூர் வாருவதற்கு முன்னால் லெவல் எடுத்து, அதாவது தரையின் உயரத்தை அளந்து வைப்போம். வெட்டும்போது ஆங்காங்கே மண்ணைத் தொடாமல் திட்டாக விட்டுவைப்பார்கள். பழைய தரைமட்டம் எது என்பதற்கு அந்தத் திட்டுதான் சாட்சி. அதன் உச்சியிலிருந்து கீழே வெட்டிய தரை வரை அளந்தால் ஆழம் வந்துவிடும். ஒரு மழை பெய்து ஏரியில் தண்ணீர் நின்றுவிட்டால் அப்புறம் எந்தக் கொம்பனாலும் அளந்து காட்ட முடியாது. தப்புக் கணக்கு எழுத நினைப்பவர்களுக்கு ஏரியை விட வசதியான இடம் இல்லை.

ஒரு முறை அப்படித் திட்டுகளை அளந்துகொண்டிருந்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. திட்டுகளின் தலையில் புல்கூட இருந்தது. கூட வந்த லஸ்கர் (ஏரியைக் கவனிக்கும் அடிமட்ட ஊழியர்), அந்த ஏரி மதகைப் பல வருஷம் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், மேஸ்திரி அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, "சார், அந்தப் புல்லைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். பாய் சுருட்டுவது போலப் பத்தையாகக் கையோடு வந்தது. கீழே புது மண். கடப்பாரையால் குத்தியதும் ஒரு சாண் ஆழத்துக்குச் சட்டென்று இறங்கி, அதற்குக் கீழே இறுகிய மண்ணில் முட்டி நின்றது. திட்டின் தலையில் மண்ணை ஏற்றி, மேலே புல்லைப் பெயர்த்து வந்து ஒட்டியிருந்தார்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் 20 செ.மீ. ஆழம் கூட எழுதினால், வெட்டாத மண் 2,000 கன மீட்டர் காகிதத்தில் வெட்டப்பட்டுவிடும். ஏரி அந்த அளவுக்குத் தண்ணீர் பிடிக்காது. அந்தக் குறைவு கடைமடை வயலில்தான் போய்த் தெரியும். அங்கே பயிர் காயும்போது எம்-புக்கை யாரும் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.

அன்று நான் எழுதிய அளவைவிட அந்த லஸ்கர் சொன்ன ஒரு வாக்கியம் பெரிது. எங்கள் துறையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்கியவர். ஒப்பந்ததாரரின் ஆட்கள் அவர் ஊரைச் சுற்றியே இருந்தார்கள். பேசாமல் இருந்திருந்தால் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. நேர்மை என்றதும் கலெக்டரையும் செயலாளரையும் பற்றியே நாம் பேசுகிறோம். என் அனுபவத்தில், அடிமட்டத்தில் உள்ளவர் வாயை மூடிக்கொண்டால் மேலே எவ்வளவு நேர்மையானவர் உட்கார்ந்திருந்தாலும் பொய்யான தாள்தான் அவர் மேசைக்குப் போகும்.

கட்டடத்தில் இதே கதை கம்பியில் நடக்கும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.617 கிலோ, 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ. பத்துக்குப் பதில் எட்டைப் போட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரும்பு காணாமல் போகும். கம்பியை மாற்றாமல், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே உள்ள 150 மி.மீ. இடைவெளியை 200 ஆக்கினாலும் கால் பங்கு குறையும். கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் வெளியே தெரியாது. கான்கிரீட்டின் பலத்தைப் பரிசோதிக்க அனுப்பும் கனசதுரக் கட்டிகளை மட்டும் சிமெண்ட் தூக்கலாகப் போட்டுத் தனியாகச் செய்து 28-ஆம் நாள் அறிக்கையை ஜோராக வாங்கிவிடுகிற பழக்கமும் உண்டு. ஆகவே கம்பி கட்டிய அன்றே போய் எண்ண வேண்டும். கனசதுரம் நம் கண்முன் நிரப்பப்பட வேண்டும். இதற்கு வேண்டியது திறமை இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் நிற்கிற பிடிவாதம்.

லஞ்சம் யாருக்கும் கவரில் தொடங்குவதில்லை. பார்த்தவரைக்கும் அது வண்டியில் தொடங்குகிறது. உதவிப் பொறியாளருக்குப் பெரும்பாலும் அரசு வண்டி கிடைக்காது. வேலை நடக்கும் இடமோ பஸ் போகாத ஊர். "சார், வண்டி அனுப்பட்டுமா?" என்று ஒப்பந்ததாரர் கேட்பது மரியாதையாகத்தான் இருக்கும். ஏறுகிறோம். திரும்பும்போது மதியச் சாப்பாடு. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். வீட்டில் புதுமனை புகுவிழா என்றால் குத்துவிளக்கு. இத்தனையிலும் அவர் எதையும் கேட்கவில்லை. கேட்கிற நாள் வரும்போது, "ஆழம் கொஞ்சம் பார்த்துப் போட்டுக்குங்க சார்" என்கிற ஒரு சொல்தான். மறுப்பதற்கு நாக்கு எழாது. தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973 அன்பளிப்பு வாங்குவதைப் பற்றியும் சொத்து விவரம் தருவதைப் பற்றியும் சொல்வதைப் பலர் வெறும் சடங்காக நினைக்கிறார்கள். எனக்கு அவை பெரிய உதவியாக இருந்தன. "விதி இடம் கொடுக்காதுங்க" என்று சொல்லி, எதிரே இருப்பவர் மனம் கோணாமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிந்தது. பெட்ரோல் செலவு என்னுடையது. வீட்டில் கணக்குப் பார்த்துத்தான் நடத்தினோம். சம்பளத்துக்குள் வாழும் குடும்பம் அமையாவிட்டால் எந்த அதிகாரியும் வெகுநாள் நேராக நிற்க முடியாது. இதை நான் வீட்டிலிருப்பவர்களுக்கான நன்றியாகவே எழுதுகிறேன்.

இன்னொரு வகையினரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு பைசா வாங்க மாட்டார்கள். ஒரு கோப்பிலும் கையெழுத்தும் போட மாட்டார்கள். "நாளைக்கு ஆடிட்டில் கேட்டால்?" என்று கேள்வி எழுதிக் கேள்வி எழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்புவார்கள். ஏரியின் உபரி நீர் வழியும் கலிங்கு உடைந்து கிடக்கும், மழைக்காலம் நெருங்கும், கோப்பு மூன்றாவது முறையாகக் கீழே இறங்கும். இவர்களை நேர்மையானவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தன் பெயரைச் சுத்தமாக வைத்துக்கொள்வதற்காக ஊரை வெள்ளத்தில் விடுவதும் பதவியைத் தன் நலனுக்காகப் பயன்படுத்துவதுதான். தாமதம் இருக்கிற இடத்தில்தான் இடைத்தரகர் முளைக்கிறார் என்பதையும் இவர்கள் யோசிப்பதில்லை.

நேராக நிற்பதற்கு விலை உண்டு. இடமாறுதல் சாதாரணம். பிள்ளைகளின் படிப்பு நடுவில் ஊர் மாறும். பொறியாளர்களான எங்களுக்கு மறக்க முடியாத பெயர் சத்யேந்திர துபே. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் வேலை பார்த்த இளைஞர். முறைகேடுகளைப் பற்றி 2002-இல் பிரதமர் அலுவலகத்துக்கே கடிதம் எழுதி, தன் பெயரை ரகசியமாக வைக்கச் சொன்னார். அந்தக் கடிதம் பெயரோடு அலுவலகங்களில் சுற்றியது. 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறியின்போது நடந்த கொலை என்று 2010-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொலைக்குக் காரணம் அதுவே என்றாலும், பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்ட ஒரு ஊழியரின் சொல்லை அரசு காப்பாற்றவில்லை என்பது அப்படியே இருக்கிறது. தகவல் தருவோரைக் காப்பதற்கான அரசாணை 2004-இலும் சட்டம் 2014-இலும் வந்தன.

பொது வேலைக்கு வருகிறவரின் ஒழுக்கத்தைக் கேட்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏரி வாரியம் உட்பட்ட வாரியங்களுக்குக் குடவோலையில் ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. ஏரியை நிர்வகிக்க வருகிறவர் முதலில் கணக்குக் காட்டியிருக்க வேண்டும் என்று அந்த ஊரார் கல்லிலேயே வெட்டி வைத்ததைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

சட்டம் இன்று போதுமான அளவு இருக்கிறது. 1988-இன் ஊழல் தடுப்புச் சட்டம், 2018-இல் அதற்கு வந்த திருத்தம், கண்காணிப்புத் துறை எல்லாம் உண்டு. லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்க ரசாயனம் தடவிக் கொடுத்த நோட்டைத் தொட்ட விரலைக் கரைசலில் முக்கினால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். திட்டின் மேல் ஒட்டிய புல்லை அந்தக் கரைசல் காட்டிக் கொடுக்காது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் இரண்டு வருஷம் யாரிடம் வேலை பழகுகிறார்கள் என்பதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். அதில் நான் கொடுத்து வைத்தவன். அந்த ஏரி விஷயத்தில் நான் அளவைக் குறைத்து எழுதியதும் ஒப்பந்ததாரர் நேரே எங்கள் ஏ.இ.இ.யிடம் போனார். ஏ.இ.இ. என்னையும் கூப்பிட்டு, லெவல் கருவியை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்; மூன்று பேருமாக ஏரிக்குப் போனோம். லெவல் பார்க்கும் அளவுக்கோலான ஸ்டாஃபை ஏ.இ.இ.யே பிடித்தார். என் அளவோடு ஒத்து வந்தது. "தம்பி எழுதினதுதான் அளவு. இதுக்கு மேல என்கிட்ட வராதீங்க" என்று ஒப்பந்ததாரரிடம் சொல்லிவிட்டு எம்-புக்கில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அதே ஒப்பந்ததாரர் அடுத்து ஒரு மதகு வேலை எடுத்தபோது அளவைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட்டுக்கு முன்னால் எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று மட்டும் போனில் கேட்டார்.