வலது பக்கம் ஒருக்களித்து

ஜூன் 3, செவ்வாய்

ஈரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனையில் எஸ்.ஜி.பி.டி. 612. நாற்பதுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது. காமாலை வைரஸ் எதுவும் இல்லை, எதிர்ப்புச் சக்திக்கான புரதம் ஐ.ஜி.ஜி. மட்டும் கூடியிருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்குகிறதா, இல்லை மூட்டுவலிக்கு நான் ஆறு மாதம் சாப்பிட்ட பொடியின் வேலையா என்று ரத்தத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதாம். "பயாப்சி எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றார் டாக்டர், ஈரலில் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. பொடி விஷயத்தைச் சொல்வதா வேண்டாமா என்று வாசல்வரை யோசித்துக்கொண்டே போனேன். சொன்னது எவ்வளவு நல்லதாகப் போயிற்று!

வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டதும் அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள். பெரியப்பாவுக்குத் தொண்டையில் பயாப்சி எடுத்துத்தான் புற்றுநோய் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். ஈரலில் என்ன வகை வீக்கம், எவ்வளவு வடு விழுந்திருக்கிறது என்று பார்க்கவும் இதே சோதனைதான் என்று இரவு பத்து மணிவரை சொல்லிப் பார்த்தேன்.

ஜூன் 5, வியாழன்

ரத்தம் உறைகிற நேரம் பார்த்தார்கள். ஐ.என்.ஆர். 1.1, பிளேட்லெட் 1,80,000. போதுமாம். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறேனா என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தில் ரத்தக்கசிவு, பக்கத்து உறுப்பில் ஊசி படுவது என்றெல்லாம் இருந்தது. அரிதாகத்தான் நடக்கும் என்றாலும் கை நடுங்கத்தான் செய்தது.

ஜூன் 9, திங்கள்

காலை ஆறு மணியிலிருந்து வெறும் வயிறு. பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள்.

மல்லாக்கப் படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். ஸ்கேன் கருவியை விலா எலும்புகளுக்கு இடையில் உருட்டி ஓர் இடத்தில் பேனாவால் குறித்தார்கள். மரத்துப்போகிற ஊசி சுரீரென்று எரிந்தது. எனக்கு வலித்தது அதுதான். டாக்டர் பயாப்சி ஊசியைக் காதுக்குப் பக்கத்தில் ஒருமுறை தட்டிக் காட்டினார். ஸ்டேப்ளர் மாதிரி 'டக்' என்று ஒரு சத்தம். "இந்தச் சத்தம்தான் வரும், பயந்து அசைஞ்சிடாதீங்க."

"மூச்சை நல்லா இழுங்க, முழுசா விடுங்க, அப்படியே நிறுத்துங்க."

மூச்சு விடும்போது நுரையீரல் மேலே ஏறி வழிவிடும், ஈரலும் அசையாது. டக். யாரோ விலாவில் குத்துவிட்ட மாதிரி ஓர் அழுத்தம். முடிந்துவிட்டது. ஃபார்மலின் குப்பியில் நூல் மாதிரி இரண்டு சென்டிமீட்டர் சதை. மொத்த ஈரலில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான் என்றார்கள்.

அப்புறம் இரண்டு மணி நேரம் வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வேண்டும். உடம்பின் பாரமே குத்திய இடத்தை அழுத்திப் பிடிக்குமாம். கால்மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பிரஷரும் நாடியும் பார்த்தார். அரை மணி கழித்து வலது தோள்பட்டையில் வலி ஆரம்பித்தது. குத்தியது விலாவில், வலிப்பது தோளிலா? வியர்த்துக் கொட்டிவிட்டது எனக்கு. "அக்கா, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத்துக்குப் போற நரம்பும் தோள் நரம்பும் கழுத்துல ஒரே இடத்துலதான் கிளம்புது. அதான்" என்று சொல்லி ஒரு பாராசிட்டமால் கொடுத்தார். இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடப் பயம் யாருக்குமே வேண்டாம்.

மாலை ஆறு மணிக்கு வீடு. தலைசுற்றல், வயிற்றில் கடும் வலி, காய்ச்சல், கறுப்பாக மலம், எது வந்தாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். இரவு முழுக்கப் பக்கத்தில் ஆள் வேண்டும். அம்மா தூங்கவே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

சிரித்தால் விலா வலிக்கிறது. ஒரு வாரத்துக்குக் குடம் தூக்கக் கூடாது.

ஜூன் 16, திங்கள்

ரிப்போர்ட் வந்தது. புற்றுநோய் இல்லை. எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த பிளாஸ்மா செல்கள் நிறைய, ஈரலுக்குள் ரத்தக்குழாய்கள் ஓடும் போர்ட்டல் பகுதியின் ஓரமெல்லாம் அரித்துப் போயிருக்கிறது. எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சியின் பக்கம்தான் எல்லாம் சாய்கிறது என்றார் டாக்டர். வடு இரண்டாம் நிலை. நான்கு என்றால் சிர்ரோசிஸ், ஈரல் முழுக்க வடு விழுந்து சுருங்குவது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகளில் பிரெட்னிசலோன் இன்றே ஆரம்பம், அசதயோபிரின் அப்புறம். பொடியை இனித் தொடவே கூடாது.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அம்மா சித்திக்குப் போன் போட்டாள். "பயாப்சின்னா எல்லாம் அது இல்லடி. ஈரல்ல கொஞ்சூண்டு எடுத்துப் பாக்கிறது. இவளுக்கு மாத்திரையிலேயே சரியாகுமாம்" என்று முன்சீட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள்.