மேய்ச்சல்காரர் வைத்த பெயர்

ஸ்டெப்பி, பிரெய்ரி, பாம்பாஸ், சவானா, வெல்டு. பள்ளியில் இந்த ஐந்து புல்வெளிப் பெயர்களையும் கண்டங்களோடு பொருத்தச் சொல்வார்கள். பொருத்தி மதிப்பெண் வாங்கியதோடு பலருக்கும் அந்த உறவு முடிந்துவிடும். எனக்கு முடியவில்லை. மேய்ச்சல் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் பிறந்ததாலோ என்னவோ, அந்தப் பெயர்களை வைத்தது யார் என்று இன்றும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிரெய்ரி வந்தேறிகளின் சொல். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் புல்தரைக்கு வைத்திருந்த பெயரையே வட அமெரிக்காவின் ஆள் உயரப் புல்லுக்கும் இட்டார்கள். சவானாவோ கரீபியத் தீவுகளின் தைனோ மக்களுடையது. மரமில்லாமல் புல் மிகுந்த நிலத்தை அவர்கள் அப்படி அழைத்ததை ஸ்பானிய வரலாற்றாசிரியர் ஒவியேதோ 1535இல் பதிவு செய்தார். நோயும் அடிமைத்தனமும் அந்த மக்களைச் சூறையாடின. அவர்களின் சொல் மட்டும் கடல் கடந்து, இன்று ஆப்பிரிக்கச் சமவெளிகளுக்குப் பெயராகி நிற்கிறது. எப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

பாம்பா, தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் சமதரை. பொலிவியாவின் கொச்சபம்பா நகரத்துப் பெயரிலும் அதுவே இருக்கிறது: கொச்சா ஏரி, பம்பா சமவெளி.

தென்னாப்பிரிக்காவின் வெல்டுதான் எனக்கு மிகப் பிடித்தது. டச்சு மொழியில் அதற்கு வயல், வெளி என்றுதான் பொருள். ஆனால் அங்கே கால்நடை வளர்ப்பவர்கள் அதோடு நிறுத்தவில்லை. இனிப்பு வெல்டு, புளிப்பு வெல்டு என்று பிரித்தார்கள். மழை மிகுந்த இடத்தில் புல் செழித்து வளரும்; குளிர்காலம் வந்தால் சத்து இறங்கி, மாடு வாய் வைக்காது. அது புளிப்பு. மழை குறைந்த இடத்தில் புல் கொஞ்சம்தான். ஆனால் காய்ந்தாலும் மாடு விரும்பித் தின்னும். அது இனிப்பு. மாட்டின் நாக்கை அறிந்தவர்களால்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும்.

எங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கத்தில் கொறங்காடு என்று சொல்லும் மேய்ச்சல் நிலமும் அந்த இனிப்பு வகைதான் என்பேன். மழை குறைவு, மண்ணும் மெலிவு. சுற்றிலும் கிளுவை உயிர்வேலி, நுழைய ஒரு படல், உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள். புல் தீய்ந்துபோன மாதங்களில் அந்த மரத்தின் காய்தான் ஆடுமாடுகளுக்குக் கை கொடுக்கும். என் அப்புச்சி படலைத் திறந்ததும் மாட்டை விடமாட்டார். முதலில் ஒரு புற்கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்ப்பார். விதை முற்றியிருந்தால்தான் மாடு உள்ளே போகும். இல்லாவிட்டால் அடுத்த காட்டுக்கு ஓட்டிப்போவார். விதை உதிர்ந்தால்தானே அடுத்த மழைக்குப் புல் முளைக்கும்?

ஹங்கேரியின் புஸ்தா புல்வெளி வேறு கதை. ஸ்லாவிய மொழிகளிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குப் பொருள் வெறுமை. ஆனால் அந்த வெறுமையில்தான் நீண்ட கொம்புடைய சாம்பல் நிற மாடுகள் மந்தை மந்தையாக மேய்ந்தன. உலகமெங்கும் விரும்பிச் சாப்பிடும் கூலாஷ் குழம்பின் பெயரே, மாட்டு மந்தை மேய்ப்பவரைக் குறிக்கும் ஹங்கேரியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

புல் நிலத்தை வெறுமை என்று எழுதும் வழக்கம் நம் நாட்டிலும் உண்டு. அதுதான் எனக்குக் கோபம். 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட தரிசு நில வரைபடத் தொகுதியில் மேய்ச்சல் நிலமும் தரிசில் ஒரு வகையாகச் சேர்ந்திருக்கிறது. நீலகிரியில் வரையாடு மேயும் புல்வெளிகளை வெற்றிடமாகக் கண்டுதான் சீகை மரமும் தைல மரமும் நட்டார்கள். இன்று சீகையை வெட்டி, வேரோடு பிடுங்கிப் புல்லை மீட்கப் பாடுபடுகிறார்கள். பதிவேட்டில் தரிசு என்று எழுதிவிட்டால் அதன்மேல் எதை நட்டாலும், எதைக் கட்டினாலும் கேட்பாரில்லை.

சென்னையில் மந்தைவெளி என்று பஸ்ஸின் முகப்பில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அங்கே என்ன புல் இருந்திருக்கும் என்று யோசிப்பேன். உங்கள் ஊரில் ஆடுமாடு மேயும் இடத்தை எந்தப் பெயரால் அழைக்கிறார்கள், அங்கே முளைக்கும் புல்லின் பெயர் என்ன என்று எழுதுங்கள். மேய்ப்பவர்களிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. தொகுத்து வருகிறேன்.