ஏத்தங்குலையும் 18 சதவீதமும்

குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் ஏத்தன் (நேந்திரன்) வாழை. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் விமான நிலையம். துபாயில் கடை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவர் கேட்டதும், 2023இல் நானே அனுப்பத் துணிந்தேன்.

ஏற்றுமதி எண் ஆன்லைனிலேயே கிடைத்தது, கட்டணம் 500 ரூபாய். (ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அதைப் புதுப்பியுங்கள். விவரம் எதுவும் மாறாவிட்டாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் முடங்கிவிடும்.) வேளாண் ஏற்றுமதிக்கான மத்திய அரசு அமைப்பான அபேடாவில் பதிவும் முடிந்தது. நான் பயந்தது பயிர்ச் சுகாதாரச் சான்றிதழுக்குத்தான். முக்கால் விளைச்சலில் குலை வெட்டி, சீப்பு பிரித்து, கறை போகத் தண்ணீரில் அலசினோம். காம்பிடுக்குகளைப் பழைய பல் பிரஷ்ஷால் அம்மா ஒவ்வொன்றாகத் தேய்த்தார். ஆய்வாளர் லென்ஸ் வைத்து மாவுப்பூச்சி தேடினார். ஒன்றுகூட இல்லை.

அடி விழுந்தது சரக்கு முகவரின் பில்லில். விமானக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி! ஏற்றுமதி விமானச் சரக்குக்கு 2018 முதல் இருந்த வரிவிலக்கு, 2022 செப்டம்பர் 30உடன் முடிந்திருந்தது. ஏற்றுமதி என்பதால் அந்த வரியைத் திரும்பப் பெறலாம்; ஆனால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வாழைக்காய்க்கு வரியே கிடையாது, பிறகு பதிவு எதற்கு என்று இருந்துவிட்டேன். முதல் சரக்கில் கட்டிய வரி போனது போனதுதான்.

அடுத்த முறை பதிவு செய்துகொண்டு, பில்களைச் சேர்த்து வரியைத் திரும்பக் கேட்கும் ஆர்எஃப்டி-01 படிவத்தில் விண்ணப்பித்தேன். ஒரு பில்லில் பதிவு எண் தவறாக இருந்ததால் விளக்கம் கேட்டார்கள். பணம் வர நான்கு மாதமானது. அதுவரை அடுத்தடுத்த சரக்குக்கு வட்டிக்கு வாங்கினேன். பெரிய ஏற்றுமதியாளர் அந்த நான்கு மாதத்தைத் தாங்குவார். நான் வட்டியை விலையில் ஏற்றினால், கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்துத் தருபவரிடம் கடைக்காரர் போய்விடுவார். திருப்பித் தரப்போகும் வரியைச் சிறு விவசாயியிடம் முதலில் வாங்குவானேன்? அந்த விலக்கைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

எங்கள் பக்கத்து மட்டி வாழைப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உறவுக்காரர் இப்போது அதையும் கேட்கிறார். மெல்லிய தோல், கப்பலில் நாள்கணக்கில் தாங்காது, விமானம்தான் வழி. கட்டணத்தையும் வரியையும் கூட்டிப் பார்த்தேன். அவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.