பதுவையில் ஒரு நாக்கு

ஜூன் 8, 2025, ஞாயிறு

பெந்தக்கோஸ்து பெருவிழா. புலியகுளம் அந்தோனியார் கோவிலில் காலைத் திருப்பலி. சீடர்கள்மேல் நெருப்பு நாக்குகள் இறங்கிய வாசகத்தைப் படித்தபோது என்னால் தலை நிமிர முடியவில்லை. மார்ச்சில், அம்மாவின் நினைவு நாளன்று, அண்ணியைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்: "அம்மா படுத்துக் கிடந்தப்ப எட்டிப் பாக்காதவங்க இப்ப எதுக்கு அழறீங்க?" அதோடு அண்ணன் வீட்டிலிருந்து போன் வருவது நின்றுபோனது. நரம்பில்லாத நாக்கு என்று அம்மிச்சி சொல்வது இதைத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

நவநாள். மெழுகுதிரி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மனம் இத்தாலியின் பதுவை நகரில் பாதுகாத்து வைத்திருக்கும் அந்தோனியாரின் திருப்பண்டத்துக்குப் போய்விட்டது.

அந்தோனியார் இறந்தது 1231-ல். 32 வருடம் கழித்து, புதுக்கோவிலுக்கு மாற்றுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். உடல் மக்கிப் போயிருந்தது. நாக்கு மட்டும் நிறம் மாறாமல் இருந்ததாம். பிரான்சிஸ்கன் சபைத் தலைவராயிருந்த புனித பொனவெந்தூர் அதைக் கையில் எடுத்து, ஆண்டவரை எப்போதும் புகழ்ந்த, பிறரையும் புகழவைத்த நாவே என்று வாழ்த்தினார். இன்றும் அது பதுவைப் பேராலயத்தில் பொற்பேழையில் இருக்கிறது.

கை, எலும்பு, உடை என எது கிடைத்தாலும் திருப்பண்டம்தான். ஆனால் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கித்தவருக்கு நாக்கு மிஞ்சியதே ஒரு பிரசங்கம். கோடி அற்புதர் என்கிறோம். எனக்கு இந்த ஒன்றே போதும். பக்கத்து வீட்டு அக்கா சிஎஸ்ஐ, புராட்டஸ்டன்ட் சபை. "அதைப் போயா கும்பிடுறீங்க?" என்று ஒருமுறை கேட்டார். ஆராதனை கடவுளுக்கு மட்டுங்க்கா, புனிதருக்கும் அவர் திருப்பண்டத்துக்கும் வணக்கம்தான் என்றேன். அந்த நாவின் வழியே பேசியவரை நினைத்துத்தான் அதற்கு முத்தம்.

அப்படிப்பட்டவர் முன்னால் என் நாக்கோடு எப்படி வேண்டுவது?

ஜூன் 13, வெள்ளி

அந்தோனியார் இறந்த நாள், திருநாள். கோவிலில் நிற்க இடமில்லை. வீட்டுக்கு வந்ததும் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அண்ணி, அன்னிக்கு நான் பேசுனது தப்புங்க."

யோசித்து வைத்திருந்த மற்றதெல்லாம் வரவில்லை. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிக்ஸி சத்தம். அதை நிறுத்திவிட்டு, "இதை உங்கண்ணன்கிட்டயும் நீயே சொல்லோணும் கண்ணு. எட்டு மணிக்கு வந்துருவாரு" என்றார்.

இப்போது மணி ஏழரை.