சுதந்திர மணிக்கு அவ்வளவு வரிசை, பக்கத்து முனையில் ஆளே இல்லை

நியூயார்க்கிலிருந்து பிலடெல்பியா 2 மணி நேரம்தான். நாங்கள் ஏறிய பஸ் கிளம்பவே ஒன்றரை மணி நேரம் தாமதம். ஏசி ஓடவில்லை. கழிவறை நாற்றம் தாங்காமல் பின்வரிசைக்காரர்கள் எல்லாரும் எழுந்து முன்னால் வந்து நின்றார்கள்.

சுதந்திர மண்டபத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு செய்திருந்தோம். ஆளுக்கு 1 டாலர்தான், ஆனால் அந்த நேரத்தை விட்டால் போச்சு. பதறிப்போய் டாக்சி பிடித்தோம். நடந்தால் 20 நிமிடம் ஆகிற தூரம். மீட்டரே போடாமல் 30 டாலர் வாங்கிவிட்டார் டிரைவர். மலிவு பஸ்ஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போயிற்று. இன்னும் வயிறு எரிகிறது.

ஆனால் மண்டபத்தின் கூட்ட அறைக்குள் நுழைந்ததும் எல்லாம் மறந்துபோனது! 1776-இல் அமெரிக்காவின் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றது, 1787-இல் அரசியல் சட்டத்தை உருவாக்கியது, இரண்டும் இதே அறையில். பின்னாளில் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் அமர்ந்து அரசியல் சட்ட மாநாட்டை நடத்திய நாற்காலி இன்னும் இருக்கிறது. அதன் முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கிறது. அது உதிக்கிறதா மறைகிறதா என்று மாநாடு முழுக்க யோசித்த மாநாட்டு உறுப்பினர் பெஞ்சமின் பிராங்க்ளின், கடைசி நாளில்தான் உதயம் என்று முடிவுக்கு வந்தாராம். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் சுதந்திர மணி. பெரிய வரிசை, மணியில் விழுந்த விரிசலோடு செல்ஃபி. நாடெங்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லும் பைபிள் வசனம் மணியிலேயே இருக்கிறது. மணி இருக்கும் கட்டடத்தை ஒட்டியே வாஷிங்டன் அதிபராகக் குடியிருந்த வீட்டின் இடம். அங்கே நின்றது நாங்கள் இருவர் மட்டும்.

அந்த வீட்டில் அவர் அடிமைகளாக வைத்திருந்த 9 பேரின் பெயர்கள் அங்கே சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. பென்சில்வேனியாவின் 1780-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியூர்க்காரர் கொண்டுவந்த அடிமை 6 மாதம் தொடர்ந்து தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம். அதைத் தடுக்க, கெடு முடியுமுன் அவர்களை மாநில எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப அழைத்துக்கொண்டார் வாஷிங்டன். அந்த நாற்காலியில் உட்கார்ந்த அதே மனிதர். எனக்குக் கோபம் அடங்கவே இல்லை.

ஒன்பது பேரில் ஓனா ஜட்ஜ், வாஷிங்டனின் மனைவி மார்த்தாவின் பணிப்பெண். 1796 மே மாதம், குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தாள். வாஷிங்டன் ஆள் வைத்துத் திரும்ப அழைத்தும் வரவில்லை. 1848-இல் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் அவள் தப்பியோடிய அடிமைதான்.

மணியைப் பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள். அந்த வீடு இருந்த இடம், ஆறாவது தெருவும் மார்க்கெட் தெருவும் சேரும் முனை. டிக்கெட் தேவையில்லை.