காரப்பேட்டைக்கு சைக்கிளில் ஒரு கூட்டம்

கோயம்பேட்டிலிருந்து காஞ்சிபுரத்தை ஒட்டிய காரப்பேட்டைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். ஞாயிறுதோறும் மகாபலிபுரம் வரை மிதித்துப்போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இது ஒரு தூரமே இல்லை. அங்கே அறிஞர் அண்ணா பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அண்ணா பிறந்த ஊர் காஞ்சிபுரம். 1969-ல் அவரைக் கொண்டுபோனதும் அதே நோய்தான். கூட்டமாகப் போய் நோயாளிகளைப் பார்த்து, திரட்டிய பணத்தில் ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று எங்கள் குழுவில் பேச்சு வந்தது. எந்த ரோடு, எங்கே டீ என்றே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வேலை முழுக்க அனுமதி வாங்குவதில்தான் இருந்தது.

கடிதத்தோடு முன்கூட்டியே நேரில் போனோம். பொறுப்பு மருத்துவர் பொறுமையாகக் கேட்டார். ஆப்பிள், ஆரஞ்சு என்று ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். கீமோ என்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கியிருக்கும், சாதாரணக் கிருமிகூடப் படுத்திவிடும். வெளிப் பழம், பூ எதுவும் வார்டுக்குள் வேண்டாம் என்றார். நான்கு நான்கு பேராக, மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டு வரவேண்டும். சளி, இருமல் இருந்தால் வாசலோடு சரி. படம் எடுக்கக் கூடாது. கடைசி விதிதான் எங்களில் சிலருக்குக் கசந்தது. படம் போடத்தான் சைக்கிளே ஓட்டுகிறார்களோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

என்னதான் வாங்குவது என்று வார்டு சிஸ்டரைக் கேட்டோம். யோசிக்காமல் சொன்னார்: மென்மையான பல் பிரஷ், வெந்நீர் பிளாஸ்க், பாய். கீமோவில் வாயெல்லாம் புண்ணாகிவிடும், சாதாரண பிரஷ் பட்டாலே ரத்தம் வரும். பாய், கூட இருப்பவர்களுக்கு. சிகிச்சைச் செலவை முதல்வர் காப்பீடு பார்த்துக்கொண்டாலும், துணைக்கு வந்தவரின் தினக்கூலியும் சாப்பாட்டுச் செலவும் அவர் தலையில்தான். டீ-சர்ட் அடிக்க ஒதுக்கிய பணத்தை அவர்களுடைய மதியச் சாப்பாட்டுக்கு மாற்றினோம்.

ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருட்டோடு கிளம்பினோம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்கள் ஷிப்ட்டுக்குப் பறக்கும், அங்கே மட்டும் ஒற்றை வரிசை. லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பிகள் ஓரத்தில் கிடக்கும். பஞ்சர் எல்லாம் அதனால்தான்.

வேர்வையோடு வார்டுக்குள் போக முடியாதே, உடை மாற்றிக்கொண்டுதான் போனோம். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சிலர் வாக்கியமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தார்கள். அதற்கு வேலையே வரவில்லை. நெசவுக்காரப் பெரியவர் ஒருவர், "சைக்கிள்லயா வந்தீங்க? டயர் எவ்ளோ காத்து புடிக்கும்?" என்று ஆரம்பித்தார்.

"நூறு பவுண்டு ஐயா."

"லாரிக்குப் புடிக்கிற காத்தாச்சே! என்ன வெல?"

கொஞ்சம் குறைத்தே சொன்னேன். "அந்தக் காசுக்கு டிவிஎஸ் வாங்கியிருக்கலாமே தம்பி" என்று பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்துச் சிரித்தார். தறிக்கான பாவு நூலைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் போன காலத்தைச் சொன்னார். நோயைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. சிஸ்டர் வந்து கிளப்பிவிட்டார்.

திரும்பும்போது உச்சி வெயில். சைக்கிள்களைக் குட்டி யானையில் ஏற்றிவிட்டு பஸ் பிடித்தோம். இதுபோலப் போக நினைப்பவர்கள் வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள். ரத்ததானத்தை அன்றைக்கே சேர்த்துக்கொள்ள வேண்டாம்; நீர் வற்றிய உடம்போடு கொடுத்தால் மயக்கம் போடும். ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் பிளேட்லெட் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால் மொத்தமாக ஒரே நாளில் கொடுப்பதைவிட, கூப்பிட்டால் வரக்கூடியவர்களின் பெயரும் ரத்த வகையும் எழுதிக் கொடுப்பது நல்லது. நாங்கள் அப்படித்தான் கொடுத்தோம். அதற்கப்புறம் எங்கள் ஆட்கள் சிலருக்கு அழைப்பும் வந்தது. அதற்கு பஸ்ஸில்தான் போனார்கள்.